ஒருவரும் விட்டுப்போகக் கூடாது

படம் நின்றது, ஒலி நிற்கவில்லை.

சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் இடுகாட்டு வாசலில், தூக்கிய காலை இன்னும் ஊன்றாமல், திரையில் அப்படியே உறைந்திருந்தார்கள். ஆனால் ஊர் வாத்தியக் குழுவின் டூபா என்ற பெரிய பித்தளைக் குழல் மட்டும் கனத்த மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி, அவர்களைக் கைவிட்டுத் தனியாக முன்னே போய்க்கொண்டிருந்தது. எலொயினா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகாத, உள்ளே விசிறி சுழல்வதே கேட்காத அந்தக் கரும்பெட்டியை லாஸ் ஏஞ்சலஸில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆறு ஆண்டுகள் உழைத்த பழைய மடிக்கணினி ஒருநாளும் இப்படி நின்றதில்லை.

மாலை நான்கு மணிதான். ஆகஸ்டு மாதத்து மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து, எதிர்வீட்டுச் சுவரை அழித்து, சன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றது.

அந்த மலையூரில் அவளுடைய தொழில் தேவைப்படாத வீடு இல்லை. எல்லை தாண்டி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பிழைக்கப் போனவர்களிடம் முறையான ஆவணங்கள் கிடையா. பெற்றவர்கள் இறந்தாலும் வர முடியாது, வந்தால் மீண்டும் போக முடியாது. ஆகவே எலொயினா திருமணங்களையும் திருவிழாக்களையும் அடக்கங்களையும் படம்பிடித்து அவர்களுக்கு அனுப்பினாள். அடக்கம் முடிந்ததும் வந்தவர் ஒவ்வொருவரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் வந்து, கேமராவைப் பார்த்துத் தம் பெயரைச் சொல்லி, தொலைவில் இருப்பவர்களை நலம் விசாரித்து, அடுத்தவருக்கு இடம்விட்டு விலகுவார்கள். எவரையும் வெட்டக் கூடாது. வந்தவர் படத்தில் இருந்தாக வேண்டும். இப்போது இறந்திருக்கும் பெரியவர் தோன் திபுர்சியோவின் இரண்டு மகன்கள், தந்தையின் ஒன்பதாம் நாள் செபத்தன்று, அங்கே ஓர் அறையில் இந்தக் காணொளியின் முன்தான் மண்டியிடப் போகிறார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. இன்று வெள்ளி.

அவளுடைய மகன் எவெலியோவும் வடக்கே புறப்பட்டவன்தான். பத்தொன்பது வயது. பதினொரு மாதங்களுக்கு முன், பாலைவனத்து ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து, "நாளைக்கு நடக்க ஆரம்பிக்கிறோம்மா" என்று தொலைபேசியில் சொன்னான். அதன்பின் ஒரு சொல்லும் இல்லை. நவம்பரில் இறந்தோருக்குப் படையல் வைத்த நாளில், தோன் திபுர்சியோவின் மகளும் பக்கத்து வீட்டுக்காரியுமான எர்மீலா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அவன் படத்தயும் வெச்சிரலாமாக்கா?"

"உசுரோட இருக்கறவனுக்கு எவடி மெழுகுவத்தி ஏத்துவா?" என்று இவள் சீறியதில், எர்மீலா ஒரு வாரம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

எலொயினா நகரத்திலிருந்த யாயிரை அழைத்தாள். இந்தக் கணினியைப் பொருத்திக் கொடுத்தவன் அவன்.

"ஹேங் ஆகுதா? ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா அத்தை?"

"மூணு வாட்டி பாத்துட்டேன். அடுத்து உன்னத்தான் ஆஃப் பண்ணிப் பாக்கணும்."

அவன் சிரித்தான். "சத்தம் ஓடிப் படம் மட்டும் நின்னா, கிராபிக்ஸ் கார்டோட டிரைவர் சாஃப்ட்வேர் பழசா இருக்கும். புதுசு ஏத்துங்க. அதுக்கும் அடங்கலன்னா, கேஷ்ல சேந்திருக்கிற குப்பையெல்லாம் அழிச்சிட்டு மறுபடி ஓட்டுங்க."

புதிய டிரைவரை ஏற்றினாள். கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. காணொளியின் ஒரு மணி நாற்பத்தேழாம் நிமிடம். அதே வாசல், அதே தூக்கிய கால்கள். நின்றது. வாசல் தூணை ஒட்டி, பனியில் பாதி கரைந்தவனாய், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். சற்றுமுன் அவன் தூணுக்கு அப்பால் நின்றதாக நினைவு. இப்போது இப்பால் நின்றான். நினைவு வழுக்கக்கூடியது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, படத்தின் வரிசை எண்ணைச் சரிபார்த்தாள். முதலில் நின்ற அதே எண்தான்.

கேஷை அழித்தாள். ஓட்டினாள். நின்றது.

அவன் சுமப்பவர்களின் நடுவே வந்திருந்தான். இன்னும் முதுகுதான். இடத்தோள் வலத்தோளைவிடத் தாழ்ந்திருந்தது.

எவெலியோவின் இடத்தோளும் தாழ்ந்திருக்கும். பத்து வயதிலிருந்து டூபாவைச் சுமந்த பிள்ளை.

"தோளு எறங்குனவன் ஊருக்குப் பத்துப் பேரு இருப்பான்," என்று வாய்விட்டே சொன்னாள். ஆளில்லாத அறையில் அந்தக் குரல் அவளுக்கே அயலாக ஒலித்தது. மறுபடியும் யாயிரை அழைத்தாள்.

"படம் நிக்குற அந்த இருவது செகண்ட வெட்டி எறிங்க அத்தை. யாருக்குத் தெரியப்போவுது?"

"போன வருசம் ஒருத்தியோட மருமகன் தும்முனத வெட்டுனேன். இன்னிக்கு வரைக்கும் ரெண்டு குடும்பமும் எங்கூடப் பேசல. இந்த ஊருல வெட்ட முடியாதுடா."

"சரி, இங்கருந்தே உங்க ஸ்கிரீனப் பாக்குறேன். அனுமதி குடுங்க."

கொடுத்தாள். அம்புக்குறி தானாக நகர்ந்து அமைப்புகளைத் திறந்தது, மூடியது, எதையோ தேடித் திரிந்தது. பிறகு அசையாமல் நின்றது.

"அத்தை."

"சொல்லு."

"யாரு அந்தப் பையன்? நேரா நம்மளயே பாக்குறானே?"

அவளுடைய திரையில் முதுகுதான் தெரிந்தது.

"எந்தப் பையன்?"

"நடுவுல நிக்குறானே. ஏதோ சொல்ல வர்றான் போல. வாயி தொறந்து—"

இணைப்பு அறுந்தது. பனி இறங்கினால் கைபேசிக் கோபுரம் செத்துப்போவது வழக்கந்தான். அம்புக்குறி அந்தப் பிடரியின்மேல் கிடந்தது.

ஒலி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இசை முடிந்து, சவப்பெட்டியின்மேல் மண் விழுந்து, அழுகை எழுந்து அடங்கி, நலம் சொல்வோரின் குரல்களும் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. அப்போது பதிவில் அவளுடைய குரலே கேட்டது, இடுகாட்டு வாசலில் நின்று உரக்கக் கத்துகிறாள்: "பனி எறங்குது, சீக்கிரம்! இன்னும் பேசாதவங்க யாரா இருந்தாலும் வாங்க! ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது!"

உடனே எர்மீலாவின் குரல்: "வாய மூடுக்கா! அடக்கத்தன்னிக்கு இந்த வாசல்ல நின்னு பொதுவாவா கூப்புடுவ? பேரச் சொல்லிக் கூப்புடு!"

அவ்வூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. மூடுபனிக்குப் பிள்ளை இல்லை. அதனால் வழிதவறியவற்றையெல்லாம் எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டது. ஆட்டைத் தேடி வந்தவன் ஆட்டின் பெயரைச் சொன்னான், ஆட்டைக் கொடுத்தது. கன்றைத் தேடி வந்தவள் கன்றின் பெயரைச் சொன்னாள், கன்றைக் கொடுத்தது. பெயர் சொல்லாமல் ஒருவன் வந்து, "இருப்பதைக் கொடு" என்றான். பனி மடியை அவிழ்த்துவிட்டது. கதை அதோடு நின்றுவிடும்; பிறகு என்ன ஆயிற்று என்று கேட்ட குழந்தைகளைத் தூங்கச் சொல்லிவிடுவார்கள்.

எலொயினாவின் விரல் அழிக்கும் விசையின்மேல் இருந்தது. ஓர் அழுத்தம் போதும். அந்த இருபது நொடிகள் இல்லாமற் போனால் அவன் எங்கோ ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பான், வெட்கத்தாலோ கோபத்தாலோ தாயை அழைக்காமல் இருப்பான், ஆயினும் இருப்பான். அழுத்தாவிட்டால்.

அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான்.

விரலை எடுத்தாள்.

படம் அசைந்தது. அவன் திரும்பினான்.

உதடுகள் வெடித்திருந்தன. தோல் காய்ந்து எலும்போடு ஒட்டியிருந்தது. கண்கள் இருந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். திறந்திருந்தது. உள்ளே இருட்டு இல்லை. வெளிறிய ஏதோ, பல்வரை நிறைந்திருந்தது.

வாய் அசையவில்லை. குரல் வந்தது.

"எம்பேரு எவெலியோ. எங்கம்மா எலொயினா நல்லாருக்கணும். நான் நல்லாருக்கேன். கவலப்படாதம்மா."

ஊரில் எல்லோரும் சொல்வது போலவே. பாடம் போல.

"சாப்ட்டியாடா?" என்றாள்.

"நீ கூப்புட்டது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சும்மா."

"இரு. போகாத. இன்னும் கொஞ்சம் நில்லுடா."

திரைக் கண்ணாடியில் கை வைத்தாள். கண்ணாடி சுட்டது, நண்பகல் வெயிலில் கிடந்த கல்லைப்போல. அவன் நல்ல பிள்ளை. வளர்த்த முறைப்படியே தலைகுனிந்து, பின்னால் நிற்பவருக்கு இடம்விட்டு விலகினான்.

திரையின் அடியில் காணொளியின் நீளம் ஆறு மணி நேரம் என்றிருந்தது. ஒன்பது ஆயிற்று. நாற்பது ஆயிற்று. எண் நிற்கவில்லை.

வாசலுக்குப் பின்னால், கல்லறைகளைத் தாண்டி, பனிக்குள் கண்ணெட்டிய வரை வரிசை. அவள் அறியாத முகங்கள். அறியாத ஊர்கள். எவரும் தள்ளவில்லை; எவரும் பேசவில்லை. தொப்பிகளைக் கழற்றி மார்பில் வைத்திருந்தார்கள். காய்ந்த விரல்களால் தலை கோதிக்கொண்டார்கள். சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்கள். வீட்டார் பார்க்கப்போகும் படமல்லவா.

அடுத்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. அதன் முகத்தைக் கேமராவின் பக்கம் திருப்பினாள். கன்னத்தில் படிந்திருந்த அழுக்கைக் கண்டாள். எச்சில் தொட்டுத் துடைப்பதற்காக விரலை வாய்க்குள் விட்டாள்.

விரலில் மணல்தான் வந்தது. அதைக்கொண்டே துடைத்தாள்.