நினைவூட்டல் வட்டம்

இரும்புக்கை மூன்றாவது முறை இறங்கியதில் ஜெனிட்டாவின் கடைவாய்ப் பல் ஒன்று கழன்று நாக்கில் விழுந்தது. அதை வட்டத்துக்கு வெளியே துப்பினாள். தலைக்கு மேலே தொங்கிய நோவளவி பதினொன்று காட்டியது.

"பதினொண்ணா? பல்லே போயிருக்கேம்மா!" என்றார் உடன் வந்த அரசுச் செயலர் பத்மநாபன்.

"என்னைக் கேட்டா? மெஷினைக் கேளுங்க சார்."

உலகச் சவால்கள் குறித்த தலைவர்கள் மாநாட்டுக்கு அவள் வருவது இதுவே முதல் தடவை. கல்லாமுனையிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆளும் அவள்தான், விமானம் ஏறிய முதல் ஆளும் அவள்தான். ஊரைக் கடல் தின்றுகொண்டிருந்தது. இரண்டு தெரு போயாச்சு. மூன்றாவது தெருவில் அவள் அப்பா இருக்கிறார். அலைச்சுவர் வேண்டும். அதற்கு நோவளவியில் அறுபது காட்ட வேண்டும்.

முன்பெல்லாம் இந்த மாநாட்டில் தலைவர்கள் பேசுவார்களாம். ஆளாளுக்குப் புளுகினார்கள். அதனால் நோவளவியைக் கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்ட ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து, நாட்டின் கொடி வரைந்த வட்டத்துக்குள் நிறுத்தி, பட்டதை நினைக்கச் சொன்னால், நரம்பில் ஓடும் வேதனையை அது எண்ணாக்கிவிடும். நரம்பு பொய் சொல்லாது என்றார்கள். ஆனால் நிறையப் பட்டவர்கள் எவ்வளவு நினைத்தும் எண் ஏறவில்லை. எனவே இரும்புக்கை வந்தது. அதற்கு நினைவூட்டி என்று பெயர். அதை அடி என்று சொல்பவரை அரங்கைவிட்டு வெளியேற்றுவார்கள். நினைவூட்டல் என்றுதான் சொல்ல வேண்டும்.

பக்கத்து வட்டத்துக்கு ஒரு பணக்கார மேலைநாட்டுப் பேராளர் வந்தார். நினைவூட்டி அவரைத் தொடவே இல்லை. நாற்காலிக் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டார். எண்பத்து நான்கு! அரங்கமே பதறி எழுந்தது. அவர்கள் ஊர்ச் சறுக்குமலைக்குச் செயற்கைப் பனி உறுதியாயிற்று.

ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், இது வலியை அளக்கல. உடம்பு எதிர்பார்க்காததை மட்டும்தான் அளக்குது."

"அப்படின்னா?"

"எங்கம்மாவைக் கடல் கொண்டுபோச்சு. இறால் கம்பெனி ஐஸ்ல கையை வெச்சு, சூப்பர்வைசர்கிட்ட அடி வாங்கித்தான் படிச்சேன். இந்தக் கை அடிக்கிறதை என் உடம்பு ஒரு சமாச்சாரமாவே எடுத்துக்கல."

"அந்தக் கஷ்டத்தைப் பார்த்துதானேம்மா அத்தனை பேர்ல உன்னைத் தேர்ந்தெடுத்தோம்?"

"அங்கதான் கோட்டை விட்டீங்க."

அந்த நேரத்தில் கடலோர நலத்துறை அமைச்சர் செண்பகராமன் புகைப்படக்காரர்களோடு வந்து சேர்ந்தார். "எங்கள் மக்கள் தாங்குவார்கள்! இதற்கு மேலும் தாங்குவார்கள்!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். பிரசவ வார்டில் மருந்து இல்லை என்று கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். ரேஷன் அரிசியில் புழு என்று கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தாங்கும்.

"முழங்கால்ல ஒண்ணு போடுங்க," என்றார் நினைவூட்டியை இயக்குபவரிடம். "இந்தப் புள்ள தாங்கும்."

எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ஜெனிட்டா சரிந்து விழுந்தாள். எண் எட்டுக்கு இறங்கியது.

அமைச்சர் வட்டத்துக்குள் வந்து குனிந்தார். படத்துக்காக அவள் தோளில் கை வைத்தார். முகத்தில் சோகம் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கத்தித் தொலையேன், மூதேவி. நடிக்கக்கூடவா தெரியாது?"

அந்தக் கையைப் பார்த்தாள். பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி விரல்கள். சந்தையில் பெண்கள் முனையை ஒடித்துப் பார்ப்பார்களே, அப்படியே ஆள்காட்டி விரலைப் பின்னுக்கு வளைத்து ஒடித்தாள்.

அமைச்சரின் அலறலில் ஒலிவாங்கி கீச்சிட்டது. நோவளவி தொண்ணூற்றேழில் போய் நின்றது. வட்டத்துக்குள் நிற்பது யார் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மணி அடித்தது. கல்லாமுனைக்கு அலைச்சுவர் அனுமதிக்கப்பட்டது என்று அறிவிப்பு வந்தது.

அவள் விடவில்லை. அடுத்த விரலைப் பிடித்தாள்.

"சுவர்தான் கிடைச்சிருச்சேடி! விடு!"

"இது குடிதண்ணிக்கு."

ஒடித்தாள். மறுபடி மணி.

எதிர் வட்டத்தில் மூழ்கும் தீவொன்றிலிருந்து வந்திருந்த கிழவர், வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டுத் தன் அதிபரைத் திரும்பிப் பார்த்தார். அதிபர் ஓடப் பார்த்தார். கிழவர் அவரைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்து முகத்தைத் தரையில் மோதினார். மணி. பிறகு அரங்கம் முழுக்கப் பரவியது. கொடிக்கம்பங்களைப் பிடுங்கி அடித்தார்கள். பிரதமர் ஒருவரின் காது அறுந்து மேசையில் கிடந்தது. மணி ஓயாமல் அடித்தது. அந்த மாநாடு தொடங்கிய நாளிலிருந்து கொடுத்த உதவியெல்லாம் சேர்ந்தாலும் அன்று கொடுத்ததற்கு ஈடாகாது.

தலைவர்கள் நோவளவியை உடைத்துப்போடவில்லை. அவர்களா விடுவார்கள்? கட்டுப்போட்ட கைகளோடு திரும்பி வந்து ஒரே ஒரு திருத்தம் போட்டார்கள். உதவி இனித் தவணையாக வரும். ஒவ்வோர் ஆண்டும் அதே உடல் அதே எண்ணைக் காட்டியாக வேண்டும். உடல் மரத்துப்போனால் உதவி நின்றுவிடும்.

நியாயம்தானே என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஜெனிட்டாவும் தட்டினாள். வருடா வருடம் ஒடிக்கலாமே!

ஊர் திரும்பிய பிறகுதான் புரிந்தது. அமைச்சரின் மென்மை இப்போது பொதுச்சொத்து. அதைக் காக்கச் சட்டம் வந்தது. கல்லாமுனைக்கு வந்த முதல் தவணையில் பெரும்பகுதி அவருக்குப் போனது. மலைமேல் குளிர் மாளிகை, தரையெல்லாம் பஞ்சு மெத்தை, கொசு நுழையாத கண்ணாடி. அவர் எதிரே குரல் உயர்த்தினால் சிறை. எல்லாம் கல்லாமுனை மக்களின் நலனுக்காக. அவரைப் பொத்திப் பொத்தி வைத்திருக்க ஓர் ஆள் வேண்டுமே? அவரால் அதிகப் பலன் அடைந்த ஊர்க்காரி என்று ஜெனிட்டாவையே மென்மைக் காப்பாளராக நியமித்தார்கள். நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். மறுத்தால் சுவர் நின்றுபோகும்.

அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏட்டி, தண்ணி வாசல்ல வந்து நிக்கு. சுவரு இடுப்பளவுதான் கட்டியிருக்கான். மிச்சம் எப்பம்?"

"அடுத்த வருசம்ப்பா. ஐயாவுக்கு நல்லா வலிச்சா கட்டிருவாங்க."

அமைச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். "இங்க வா," என்றார். போனாள். ஓங்கி ஓர் அறை விட்டார். உதடு கிழிந்தது. ஒடிந்த விரல்கள் கூடியதிலிருந்து தினமும் இப்படித்தான். அவளை அடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

"எரியுது," என்று சிவந்த உள்ளங்கையைக் குழந்தை மாதிரி நீட்டினார்.

ஜெனிட்டா அந்தக் கையை வாங்கித் தடவிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் லேசாகத் தடித்திருந்தது. அவசரமாக வெண்ணெய் தடவி, ஊதிவிட்டாள். உதட்டு ரத்தம் அவர் கைமேல் சொட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு கட்டிலுக்கு அடியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துத் துடைத்து அவர் மடியில் வைத்தாள்.

"இனிமே இதால அடிங்க ஐயா. கை காய்ச்சுப்போயிடக் கூடாது."