முகம் இருந்த இடம்

லடினாவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் பனியில் சறுக்கி விழுந்து தையல் போட்டது. செரைனா தன் சிகிச்சை முடிந்து வீடு வந்த மறுநாள் காலை, மூடுபனி சமையலறைச் சன்னலில் ஈரத்துணி போல ஒட்டிக் கிடக்க, காப்பிக் குவளையோடு எதிரே வந்து உட்கார்ந்த மகளின் நெற்றியில் அந்தத் தழும்பைத் தேடினாள். காணவில்லை.

"என்னம்மா, பாஸ்போர்ட் ஆபீசர் மாதிரி என் மூஞ்சியையே பாக்குற?"

"ஒண்ணுமில்லடி. முடி மறைக்குது போல."

லடினா முடியை இறுக்கிப் பின்னால் கட்டியிருந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு பசி இருந்தது. அம்மா தன்னை நிமிர்ந்து பார்த்தே இரண்டு வருடமாகிறது.

மகன் ஃப்ளூரின் இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் மாத மழைக்கு மறுநாள், பாசல் நகரமே நீந்தும் ரைன் நதியில் நீந்தப் போனவன், உயிரோடு திரும்பவில்லை. உடலை அடையாளம் காட்டியவள் செரைனாதான். அதற்குப் பிறகு மகனை எப்போது நினைத்தாலும் தண்ணீரில் ஊறிய அந்த முகமே வந்தது. தான் பெற்று வளர்த்த முகம் அதன் அடியில் எங்கோ அமிழ்ந்துபோனது. அவள் படுத்தவள் படுத்தவள்தான். மாத்திரைகள் மாறின, மருத்துவர்கள் மாறினார்கள், திரைச்சீலை மட்டும் மூடியே கிடந்தது. பள்ளிக்கூடம் போய்வரும் பெண்ணே அம்மாவுக்குச் சூப் வைத்துக் கொடுத்தாள்.

கடைசியாகத்தான் டாக்டர் எக்லோஃபிடம் போனார்கள். காளானிலிருந்து எடுக்கும் மருந்து. கண்ணைக் கட்டி, மெல்லிய இசையை ஓடவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "உள்ள எது வந்தாலும் ஓடாதீங்க. நின்னு பேசுங்க" என்று முன்னமே சொல்லியிருந்தார்.

வந்தது ஃப்ளூரின். ஆற்றைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"திரும்புடா கண்ணா. ஒரு தடவை உன் முகத்தைக் காட்டு."

"முகம் வைக்க இடம் இல்லையேம்மா."

"என்கிட்ட இருக்கறதுல எது வேணாலும் எடுத்துக்கோ."

அவன் தோள் மட்டும் லேசாகத் திரும்பியது. அதற்குள் இசை நின்றுவிட்டது.

மருந்து வேலை செய்தது, அதில் சந்தேகமே இல்லை. செரைனா எழுந்தாள், குளித்தாள், மாவை வறுத்துச் சூப் வைத்தாள். அந்த வாசனைக்கு லடினா காலணியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். ஆனால் வறுத்த மாவின் வாசனைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பாசியும் ஈரக் கல்லுமாக, ஆற்றங்கரைப் படிகளின் வாசனை. வாசல் நடையில் மரத்தரை முனகியது. கோட்டுகள் மாட்டும் இடத்தில், கோட்டுகளுக்கு நடுவே, கோட்டு அல்லாத ஓர் உயரமான நிழல். அதற்கு ஒரு மோவாய் இருந்தது. நடுவில் குழி விழுந்த, முத்தமிட்டு முத்தமிட்டு அவள் அறிந்த மோவாய்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே குழி. லடினாவின் மோவாய் இப்போது மொழுமொழுவென்றிருந்தது.

மறுநாள் நிழலுக்கு உதடு வந்தது. லடினா பேசினாள், சிரித்தாள், ரொட்டியைக் கடித்தாள். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ரொட்டி சிறுத்துக்கொண்டே போனது. செரைனா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, லடினாவின் பழைய படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வாய் இருந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

டாக்டரை அழைத்தாள்.

"பயப்படாதீங்க" என்றார் எக்லோஃப். ஆனால் அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. "மூளை இப்ப உழுத மண்ணு மாதிரி இளகிக் கிடக்கு. எதை நினைக்கிறீங்களோ அதுதான் வேர் விடும். மகனைக் கொஞ்சம் விட்டுடுங்க. மகளையே பாருங்க. நாளைக்குக் காலையில கட்டாயம் வாங்க."

"விட்டா அவன் போயிடுவானா?"



"அவர் ஏற்கெனவே போயிட்டாரும்மா."

அன்று பிற்பகல் வெளியே நதியும் இல்லை, பாலமும் இல்லை, வெறும் வெள்ளை. டிராம் மணி எங்கோ பஞ்சுக்குள் அடித்தது. லடினா சந்தையிலிருந்து சுட்ட கஷ்கொட்டைகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக உரித்து அம்மாவின் தட்டில் வைத்தாள். அவள் முகத்தில் மிச்சம் இருந்தவை கண்கள் மட்டும். சாம்பல் நிறக் கண்கள். செரைனா பார்வையால் அவற்றைப் பற்றிக்கொண்டாள். இமைக்காமல் பார்த்தாள்.

"அவன் போனதுக்கு அப்புறம் நீயும் போயிட்டியோன்னு நினைச்சேம்மா" என்றாள் லடினா. "எனக்குன்னு யாருமே இல்லன்னு இருந்துச்சு. இப்ப நீ என்னைப் பாக்குற. எனக்கு இது போதும்."

"பாக்கறேன்டி. உன்னைத்தான் பாக்கறேன்."

நடையில் தரை முனகியது.

"அம்மா."

அவன் குரல். தண்ணீர் படாத குரல். செரைனா மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். சாம்பல் நிறக் கண்கள். அவற்றை மட்டும். அவற்றை மட்டும்.

"அம்மா. குளிருதும்மா."

திரும்பக் கூடாது.

"ஒரே ஒரு தடவை பாரேம்மா."

எந்தத் தாயால் முடியும்?

திரும்பினாள்.

வாசலில் ஃப்ளூரின். முழுசாக. வெயிலில் கறுத்த மூக்கு, கலைந்த புருவம், சிரிக்குமுன்னே சுருங்கும் கண்கள். ஆற்றுக்குப் போகுமுன் இருந்த முகம். நெஞ்சு வெடித்துவிடும்போல ஒரு சந்தோஷம். அதற்காகத் தன்னை மன்னிக்க முடியாது என்று அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்தது.

"யாரும்மா அங்க? எதைப் பாத்து இப்படிச் சிரிக்கிற? அம்மா, என்னைப் பாரு."

பார்த்தாள்.

எதிர் நாற்காலியில் லடினாவின் பச்சைக் கம்பளிச் சட்டை. அதன்மேல் கழுத்து. கழுத்துக்கு மேல், பிசைந்து வைத்த மாவு போல வெளுத்து வழவழப்பான ஒன்று, அவளை நோக்கிச் சாய்ந்திருந்தது. அது அழுதது. கண்ணில்லாத அந்த வெறும் தோலிலிருந்து நீர் துளித்துத் துளித்து, உரித்து வைத்த கஷ்கொட்டைகளின்மேல் விழுந்தது.