அறுபத்தொரு துண்டுகள்

பக்கத்து அறையிலிருந்து வந்துகொண்டிருந்த குறட்டை பாதியில் நின்றது. தேய்ந்து ஓயவில்லை; கத்தியால் நறுக்கியதுபோல் நின்றது. ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவதுதான் அவன் பிழைப்பு. புத்தகம் வாசிப்பவர்களின் மூச்சையும் இருமலையும் எச்சில் விழுங்கும் சத்தத்தையும் பத்து வருடமாக நீக்கி வருகிறவன். இப்படி ஒரு வெட்டு விழுந்தால் கேட்பவர் திடுக்கிடுவார் என்பது அவனுக்குத் தெரியும்.

பிற்பகல் மூன்று மணி. தலைவலி என்று லீவு போட்ட மனைவி மூடிய கதவுக்கு அப்பால் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் காதைத் தீட்டிக்கொண்டான். மின்விசிறியின் கரகரப்பு, எங்கோ குழாய் சொட்டுவது, ஜன்னல் திரையின் வளையங்கள் கம்பியில் உரசுவது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அந்த இடத்தை நிரப்பப் பார்த்தன, நிரம்பவில்லை. எண்ணினான். முப்பத்தெட்டில், தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவளைப்போல் ஒரு திணறல். பிறகு மறுபடி குறட்டை.

அவள் சோபாவுக்குப் போனது அவனால்தான். நாலு மாதத்துக்கு முன் ஓர் இரவு அவள் குறட்டையைக் கைபேசியில் பதிவுசெய்து, நடுவே தொய்ந்த இடங்களையெல்லாம் வெட்டி, தாளம் தப்பாமல் ஒட்டி, குடும்பக் குழுவில் போட்டான்.

"மாப்ள, வீட்டுக்குள்ள மாவு மில் வச்சிருக்கியா?" என்று கேட்டான் அவள் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். அன்றிரவே தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்களாவது நிம்மதியா தூங்குங்க."

பிறகுதான் காலைத் தலைவலி, சாப்பிடும்போதே கண் சொருகல். ஒருநாள் சிக்னலில் ஸ்கூட்டர் மேலேயே தூங்கிவிட்டாள். பின்னால் நின்ற பேருந்து ஹாரன் அடித்து எழுப்பியது. டாக்டரிடம் போனார்கள்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? கூடப் படுக்கறவங்கதான் சொல்லணும்."

அவன் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினான். டாக்டர் கடைசிவரை கேட்டார்.

"இடைவெளியே இல்லையே. நின்னிருந்தா டெஸ்ட் எடுத்து, முகமூடி மாட்டி காத்து குடுக்கற மெஷின் எழுதிக் குடுத்திருப்பேன். எத்தனையோ பேரு அதுல நல்லா தூங்கறாங்க. சரி, எடையைக் குறைங்க, பார்ப்போம்."

வெட்டியதைச் சொல்ல வாயைத் திறந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேலிக்காக எவ்வளவு மெனக்கெட்டான் என்று தெரிந்துபோகும். மூடிக்கொண்டான்.

வெட்டிய எதையும் அவன் அழிப்பதில்லை, தொழில் பழக்கம். கம்ப்யூட்டரில் அந்தப் பதிவுக்கு மேலேயே துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. அறுபத்தொன்று. ஹெட்போனை மாட்டி, ஒலியை உச்சத்துக்குத் தள்ளினான்.

முதல் துண்டு முப்பத்தோரு விநாடி. அந்த மௌனம் மௌனமாக இல்லை. அடைபட்ட தொண்டைக்குக் கீழே நெஞ்சு எக்குவதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் 'க்' என்ற ஒலியும், நகங்கள் படுக்கை விரிப்பைச் சுரண்டுவதும் கேட்டன. அடுத்தது நாற்பத்துநாலு. கடைசித் துண்டுக்குத் தாவினான். ஐம்பத்திரண்டு. அதன் முடிவில், மிக அருகில், இன்னொரு சத்தம்.

சிரிப்பு. மூக்கோடு அடக்கிய சிரிப்பு. கைபேசியை அவள் வாயருகே பிடித்திருந்தவனுடையது.

ஹெட்போனைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தான். குறட்டை கேட்டது. அப்பாடா. தூங்கட்டும். ஜன்னலோரம் போய் நின்று மருத்துவமனைக்கு ஃபோன் போட்டான்.

"அன்னிக்கு தப்பா சொல்லிட்டேங்க. மூச்சு நிக்குது. ரொம்ப நேரம் நிக்குது. நான்தான்... நான்தான் சரியா சொல்லல."

"பதறாதீங்க சார். நாளைக்கு ராத்திரியே டெஸ்ட் வச்சிடலாம். இப்ப எப்படி இருக்காங்க?"

"தூங்கறா. குறட்டை கேக்குது."

"சரி. கேட்டுக்கிட்டே இருங்க."

கேட்டுக்கொண்டே இருந்தான். எழுந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? வெட்டியதிலிருந்தா, டாக்டரிடம் மறைத்ததிலிருந்தா? சிரித்ததைச் சொல்லத்தான் வேண்டுமா? வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கினான். குறட்டை சீராக வந்தது. இழுப்பு. விடுப்பு. ஐந்து நிமிடம். பத்து. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஒரு தடவைகூட.

தாளம் தப்பவே இல்லை.

மெல்லத் திரும்பினான். சத்தம் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. மேசையில் ஹெட்போன் மல்லாந்து கிடந்தது. துண்டுகள் முடிந்து, கம்ப்யூட்டர் தானாக அடுத்த பதிவுக்குப் போயிருந்தது. அவன் ஒட்டிய பதிவு. முடிந்தது. மறுபடி தொடங்கியது.

மூன்றே எட்டு வைத்தான். கைப்பிடி. கதவு.

மின்விசிறி சுற்றியது. சோபாவிலிருந்து ஒரு கை தொங்கியது. மற்றொரு கைக்குள் விரிப்பு கசங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. உதடு நீலம். கண்கள் கதவையே பார்த்திருந்தன.

"ஏய்... எழுந்திரும்மா. நாளைக்கு டெஸ்ட்டு..."

அவனுக்குப் பின்னால், மேசைமேல், அவள் மூச்சை இழுத்தாள். விட்டாள். இழுத்தாள். இடைவெளியே இல்லாமல்.