இடப்பக்கம் இழுக்கும் வண்டி

தண்டாயுதபாணி ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் வலப்பக்கம் ஒடித்தார். வண்டி இடப்பக்கம் திரும்பியது.

மறுபடி ஒடித்தார். தோள்பட்டை நரம்பு விண்ணென்று தெறித்தது. குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்குப் போகவேண்டிய வண்டி, தார்ச்சாலையை விட்டு இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நுழையும் செம்மண் தடத்தில், வழி தெரிந்த யாரோ ஓட்டுவதுபோல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மணி மூன்று. கண்ணைக் குத்தும் வெயில்.

"அப்பச்சி, இங்குட்டு எதுக்குப் போறோம்?" பின்சீட்டிலிருந்து மகள் கிருத்திகா கேட்டாள். ஒன்பது வயது.

"குறுக்கு வழிதான் ஆத்தா."

"பொய் சொன்னா உங்க காது செவந்துரும். இப்ப செவந்துருச்சு!"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக் கல்லாக இறுகிக் கிடந்தது. கதவுப் பூட்டு அசையவில்லை. சாவியைத் திருகி வெளியே உருவினார். சாவி கையில் இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய டீசல் வண்டி சில நேரம் தன் ஆயிலையே குடித்துத் தானாக ஓடும் என்று மெக்கானிக் சோமு சொல்லியிருக்கிறான். வாங்குவதற்கு முன் அவன் எவ்வளவோ கெஞ்சினான். "பன்னெண்டு வருச வண்டிண்ணே. ஒரு நாள் எங்கிட்ட விடுங்க, ஸ்டியரிங்கையும் இன்ஜினையும் பிரிச்சுப் பாத்துருவோம்."

"விக்கிறவுக எங்க இளையாத்தங்குடிக் கோயில் பங்காளிடா. கூடப்பிறந்த மாதிரி. அவுக வண்டியை ஆள் வச்சுச் சோதிச்சுட்டு, எந்த மூஞ்சியோட கோயில் வாசலை மிதிக்கிறது?"

"வண்டிக்கு என்னண்ணே பங்காளியும் சம்பந்தியும்" என்று முனகியபடி போய்விட்டான் சோமு.

வண்டியை விற்ற நெற்குப்பை மீனாட்சிசுந்தரம் சாவியைக் கொடுத்தபோது கண்ணைப் பார்க்கவில்லை. கூச்சம் என்று தண்டாயுதபாணி நினைத்தார். முதல் வாரம் வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்தது. சக்கரத்தைச் சரிபார்த்தும் நிற்கவில்லை. இரண்டாம் வாரம் ரயில்வே கேட்டில் நின்றபோது, இன்ஜின் அணையப்போவதுபோல் அடங்கி, யாரோ நெஞ்சு நிறைய மூச்சிழுத்து விடுவதுபோல் மறுபடி உறுமியது. அப்போதும் பங்காளியைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

இப்போது ஏசியிலிருந்து ஒரு வாடை. வற்றிப்போன கண்மாயின் அடிச்சேற்று வாடை. இருபக்கமும் முட்கிளைகள் கண்ணாடியை நகத்தால் கீறுவதுபோல் உரசின.

போனை எடுத்தார்.

"சுந்தரண்ணே..."

மறுமுனையில் மீனாட்சிசுந்தரம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இடப்பக்கம் போகுதாக்கும்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"கூட யாரு இருக்கா?"

"கிருத்திகா."

அவர் அழுவது கேட்டது. "பிள்ளையை ஏத்தாதீகன்னு சொல்ல வாயெடுத்தேன் தம்பி. சொன்னா வாங்க மாட்டீகளே."

"அண்ணே, நம்ம ஒரே கோயில்..."

"அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன். இதுக்கு முன்னால வாங்குன ரெண்டு பேரும் நம்ம பங்காளிகதான். வெளியாளு எவனும் பிரிச்சுப் பாக்காம வாங்க மாட்டான்."

தண்டாயுதபாணி கதவைத் தோளால் இடித்தார்.

"அவுக இப்ப எங்க?"





"வண்டி மட்டும் என் வாசலுக்குத் திரும்பி வந்துச்சு. ரெண்டு தடவையும். கதவு பூட்டுனது பூட்டுனபடி. பெல்ட்டு மாட்டுனது மாட்டுனபடி." குரல் தேய்ந்தது. "முதல்ல காலியாகுறது பின்சீட்டுத்தான் தம்பி."

இன்ஜின் அணைந்தது.

அமைதி. காக்கைகூட இல்லை. சேற்று வாடை மட்டும்.

கிருத்திகா எப்போது பேச்சை நிறுத்தினாள்?

"ஆத்தா?"

திரும்பினார்.

சீட் காலி. பெல்ட் மாட்டியே இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையின் நெஞ்சளவுக்குப் புடைத்து, மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.