கழண்டு கிடந்த வயர்

காலை 9.40. டிராக்டரின் முகப்புக்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவே, அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர் நசுங்கிச் செத்துக் கிடந்தார். அவர்கள் அப்பா காலத்துப் பழைய வண்டி அது. அப்பா இறந்து ஒரு வருடமாக வெளியே எடுக்கப்படவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பத்தடி தள்ளியே நின்றார்கள். கான்ஸ்டபிள்கூட, "நீங்க முதல்ல போங்க மேடம்" என்று ஆய்வாளருக்குப் பெருந்தன்மையாக வழிவிட்டார்.

"தானா உருண்டிருக்கு மேடம்," என்றான் தம்பி. வாடகைக் கார் ஓட்டுபவன். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தான். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டதாம். "தரை சரிவு. யாரோ பிரேக்கை எடுத்து விட்டிருக்காங்க. இந்த வண்டியைத் தொடுறது அண்ணி ஒருத்திதான்."

மூத்தவரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு மணிக்கு இன்ஜின் சத்தம் கேட்டுச்சு மேடம். மாமனார் ஸ்டார்ட் பண்ற மாதிரியே, ரெண்டு தடவை இருமிட்டுப் பிடிச்சுது. செத்த மாமனாரே வந்துட்டாருன்னு பயந்து அடுப்படியிலயே நின்னுட்டேன்."

"கேட்டீங்களா கூத்தை! செத்தவர் வந்து வண்டி ஓட்டினாராம். பேட்டரி வயரே கழண்டு கிடக்கு, எப்படி ஸ்டார்ட் ஆகும்?"

ஆய்வாளர் அவனைக் கையமர்த்தினார். சித்தம் கலங்கியவள் என்றோ கொலைகாரி என்றோ, இரண்டில் ஒன்றாக அவளை ஆக்காமல் விடமாட்டான் போலிருந்தது.

"பேட்டரிக்கு என்னம்மா பண்ணுவீங்க?"

"ஓடாத வண்டி, சும்மா விட்டா பேட்டரி செத்துடும். வாரத்துக்கு ஒருதரம் சார்ஜ் போட்டு, தண்ணி பார்த்து, பிளஸ் வயரைக் கழட்டி வெச்சிடுவேன்."

"பிளஸ்ஸா?"

"பழைய வண்டிங்க. இதுல பிளஸ்தான் பாடியோட சேர்ந்திருக்கு. மைனஸ்ல ஸ்பேனரை வெச்சு, அது பாடியில பட்டுச்சுன்னா நெருப்பு பறக்கும்."

10.05. ஆய்வாளர் குனிந்து பார்த்தார். பிளஸ் வயர் இறுக்கமாக இருந்தது. தொங்கியது மைனஸ். பக்கத்துத் தகரத்தில் மிளகு அளவுக்கு இரும்பு உருகிக் கறுத்திருந்தது.

"தம்பி, உங்க கார் பேட்டரியில எந்த வயரை முதல்ல கழட்டுவீங்க?"

"மைனஸ். எல்லாரும் அதைத்தான..."

வாய் அப்படியே நின்றது.

"துணியை அவிழுங்க. அண்ணி கழட்டி வெச்ச பிளஸ்ஸை மாட்டி ஸ்டார்ட் பண்ணீங்க. முன்னாடி நின்ன அண்ணன் மேல ஏத்தினீங்க. தானா உருண்டதாக் காட்ட வயரைக் கழட்டணுமே, பதட்டத்துல கை கார் பழக்கத்துல மைனஸுக்குப் போயிடுச்சு, ஸ்பேனர் தகரத்துல பட்டு விரல் சுட்டுடுச்சு. இந்த வண்டி தெரிஞ்ச உங்க அண்ணி அந்த வயரைத் தொட்டே இருக்க மாட்டாங்க."

"வண்டியைக் கேட்டேன் மேடம். செத்தாலும் தரமாட்டேன்னான்," என்று தம்பி தரையைப் பார்த்துச் சொன்னான். துணியை அவிழ்த்தபோது விரல் வெந்திருந்தது.

10.40. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீங்க கேட்டது நிஜமான சத்தம்தான். பேயும் இல்ல, பிசாசும் இல்ல," என்றார் ஆய்வாளர்.

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"நேத்துதான் மேடம் முழுசா சார்ஜ் போட்டேன். அந்த பேட்டரியைச் சாக விட்டிருந்தா, இவரு இருந்திருப்பாரு இல்ல?"

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.