சீக்கிரம் வாங்க

அந்தப் பழைய காரை வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க, பட்டப்பகல் மூன்று மணிக்குப் போனோம். நானும் என் மனைவியின் தம்பியும். அவன் மெக்கானிக். என் மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. வீட்டில் ஒரு வண்டி இருந்தே ஆக வேண்டும்.

என் மனைவிக்கு நெஞ்சு வலித்த அன்று, "இரு, வண்டி கூட்டிட்டு வரேன்" என்று ஓடினேன். "சீக்கிரம் வாங்க" என்றாள். நான் திரும்பியபோது அவள் இல்லை. நான்கு மாதமாகியும் நான் அழவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி நாட்கள் போகின்றன.

கார் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. காரின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற டீச்சர். நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"இறங்கும்போது 'வரேன்'னு மட்டும் சொல்லாதீங்க."

மைத்துனன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பிறகு பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஆராய்ந்தான். கிளட்ச் தேய்ந்திருந்தது. ரேடியேட்டர் ஒழுகியது. துருப்பிடித்த ஓட்டை வழியே தரை தெரிந்தது.

"யானையைக் கட்டித் தீனி போடுற கதை மாமா. வேண்டாம்."

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். புழுதி வாசனை, எலி வாசனை. ஸ்டியரிங் சில்லென்றிருந்தது. பக்கத்து சீட்டில் கையை வைத்தேன்.

சுட்டது.

யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு. கொட்டகைக்குள் வெயிலே வரவில்லை. பயந்திருக்க வேண்டிய இடம்தான். பயம்கூட வரவில்லை.

இறங்கிக் கதவைச் சாத்தும்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி, வரேன்."

'போறேன்' என்று சொல்லிப் பழகிய நாக்கா இது?

டீச்சரின் முகம் வெளுத்தது. ஒருநாள் நடுவழியில் கார் நின்றுவிட்டதாம். கணவரை அந்த சீட்டிலேயே உட்காரச் சொல்லி, வரேன் என்று சொல்லிவிட்டு உதவி தேடிப் போனாராம். வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

"வரேன்னு சொன்னவங்களுக்காக அந்த சீட்டு காத்துக்கிட்டே இருக்குங்க."

நாங்கள் வாசலுக்கு நடந்தோம்.

ஹார்ன் அடித்தது.

ஒரே தடவை, சின்னதாக. காத்திருந்து அலுத்தவர்கள் அடிப்பதுபோல. பேட்டரி கீழேதான் கிடந்தது.

"திரும்பாதீங்க மாமா."

திரும்பினேன். முன்சீட்டில் யாரும் இல்லை. குரல் மட்டும் வந்தது. ஆண் குரல் இல்லை.

"சீக்கிரம் வாங்க."

வரச் சொல்கிறாளா, காரை வாங்கச் சொல்கிறாளா?

மறுநாளே வாங்கிவிட்டேன். மைத்துனன் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமலே மூன்று வாரம் ரிப்பேர் பார்த்தான். முன்சீட் சுடுகிறது என்று மகள் பின்னால்தான் உட்காருவாள். நான் இறங்கும்போதெல்லாம் 'வரேன்' என்பேன். சொன்னபடி திரும்பியும் வந்துவிடுவேன்.

போன வாரம் காலையில் மகளுக்கு வலி எடுத்தது. சாவியைத் திருகியதுமே கார் கிளம்பியது. நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளை உள்ளே அனுப்பும் அவசரத்தில் 'வரேன்' சொல்ல மறந்துவிட்டேன்.

பையை எடுக்கக் காருக்குத் திரும்பினேன். முன்கதவு திறந்து கிடந்தது. சீட்டைத் தொட்டேன்.

சில்லென்றிருந்தது.

பிரசவ வார்டுக்கு ஓடினேன். வாசலில் நர்ஸ் மறித்தார்.

"கூட ஒருத்தர்தான் சார் இருக்கலாம். உள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்க."