சரளை ரோட்டில் பால் சுறா

முதலில் ஈக்கள் போயின.

குப்பத்திலிருந்து கிளம்பும்போது சைக்கிள் கேரியரில் கட்டிய மீன்கூடையோடு ஒரு கூட்டமே புறப்பட்டு வந்தது. ஈரச் சாக்கின்மேல் உட்கார்ந்து எழுந்து, தேசப்பனின் பிடரியில் உட்கார்ந்து, மறுபடி கூடைக்குப் போகும். மீனைத் தொட்ட காலால் தன் கழுத்தைத் தொடுகின்றன என்று நினைக்கும்போதே அவருக்குக் குமட்டியது. சரளை ரோட்டில் பாதி வந்தபோது பிடரியில் நமைச்சல் இல்லை. அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான், மீனை விட்டுவிட்டு ஈ எங்கே போகும் என்று தோன்றியது.

தேசப்பனுக்கு அருவருப்பு கூடப் பிறந்தது. கழுவிய டம்ளரை இன்னொரு முறை கழுவித்தான் குடிப்பார். பந்தியில் பக்கத்து இலைக்காரன் விரலை நக்கினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். ஆரம்பாக்கத்தில் அவர் பெயரே சோப்புக்காரர். மகள் மணியம்மாள் பிரசவத்துக்கு வந்து பிள்ளையும் பிறந்துவிட்டது, அவர் இன்னும் பேரனைத் தொடவில்லை. எண்ணெயும் வழவழப்புமாகக் கிடந்ததை எட்டி நின்று பார்த்ததோடு சரி.

அப்படிப்பட்டவர் மீன் வாங்கக் கிளம்பினார் என்றால் வேறு வழியில்லை என்று அர்த்தம். மணியம்மாளுக்குப் பால் இறங்கவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்து, பூனைக்குட்டி மாதிரி மெலிசாக அழுது, இப்போது அழுவதையும் விட்டுவிட்டது. தலைச்சன் பிள்ளையும் இப்படித்தான் சத்தம் அடங்கிப் போயிற்று. பால் சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்றாள் அவர் மனைவி கங்கம்மாள். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது வாங்கி வந்துவிட வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார்.

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பத்தில் மீன்காரி செங்கம்மாள் சுறாவைக் கூடையில் போட்டுச் சாக்கால் மூடிக் கட்டினாள். கட்டியவள் கூடையை உடனே கொடுக்கவில்லை.

"கரித்துண்டு இல்லியேப்பா. எம்மவன் ஸ்டவ்வு வாங்கியாந்துட்டான். பம்பு அடிச்சா நெருப்பு வருது, கரி எங்க வருது?"

"பரவால்ல, உடும்மா."

"இன்னா பரவால்ல? பொழுது சாயற நேரம், பச்ச ஒடம்புக்காரி ஊட்டுக்குக் கவுச்சி எடுத்துக்கினு போற. வழியில யார் ஊட்லனா அடுப்புக்கரி கேட்டு வாங்கி மேல போட்டுக்கோ. அப்பத்தான் பின்னால எதுவும் வராது."

அவருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் வீடுகள் இருக்கிற பழைய வழி ஊர் ஊராகச் சுற்றும். கம்பெனிகள் வரப்போகின்றன என்று வயலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே நேராகச் சரளை கொட்டி ஒரு புது ரோடு போட்டிருந்தார்கள். அதில் போனால் விளக்கு வைப்பதற்குள் வீடு. வழியில் ஒரு குடிசைகூடக் கிடையாது. கரிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே மிதித்தபோது, குட்டையோரம் சாம்பலும் கரியுமாகக் கிடந்தது கண்ணில் பட்டது. ரோடு போட்ட ஆட்கள் சோறாக்கியிருப்பார்கள். பக்கத்தில் உடைந்த பானை ஓடுகூடக் கிடந்தது. இறங்கி, ஒரு இலையைக் கிள்ளி, அதைக்கொண்டு ஒரு கரித்துண்டை எடுத்துச் சாக்குக்குள் செருகினார். இலையையும் மீறி ஆள்காட்டி விரலில் கரி ஒட்டிக்கொண்டது. அடுப்புக்கரி மாதிரிப் பொடியாக இல்லை, பிசுபிசுவென்று இருந்தது. மண்ணில் தேய்த்தார், வேட்டியில் தேய்த்தார், போகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஈக்கள் போயின.

சூரியன் இறங்கிவிட்டது. மேடு பள்ளம் இல்லாத தரை, மைல் தூரத்தில் வருகிற மாட்டையும் பார்க்கலாம். இப்போது மாடும் இல்லை, ஆளும் இல்லை, ஏரிப்பக்கத்து உப்புக்காற்று மட்டும் அறுவடை முடிந்த வயல்களின் மேல் படர்ந்து வந்து முதுகில் மோதிக்கொண்டிருந்தது. டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தத்துக்கும் மட்கார்டில் கல் தெறிக்கும் சத்தத்துக்கும் கீழே வேறொன்று மெல்லக் கேட்டது. ஈரமான சத்தம். பந்தியில் அவரை எழுப்பிவிடுமே, அந்தச் சத்தம். யாரோ விரலை வாயில் வைத்துச் சப்புகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தார். கூடை கட்டியபடி இருந்தது. சாக்கு நனைந்திருந்தது, அது முன்பே நனைந்ததுதான். மீன் தண்ணீர் சொட்டும்போது அப்படிக் கேட்கும் என்று சொல்லிக்கொண்டு மிதித்தார்.

ஆனால் மிதி கனத்தது. காற்று பின்னாலிருந்து தள்ளியும் கனத்தது. பின்சக்கரம் சரளையில் புதைந்து புதைந்து எழுந்தது, ஆளை ஏற்றிக்கொண்டு போவது போல. காற்றில் மீன் வாடை இல்லை. அதற்குப் பதில் புளித்த பால். குழந்தை கக்கி, துணியோடு வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்த பால். அவர் வாயால் மூச்சு விட்டார். நாக்கிலேயே அந்த ருசி ஒட்டியது.

ச்சப். ச்சப்.

முதுகில் ஏதோ ஈரமாக விழுந்தது. சட்டை ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது. கோழை மாதிரி மெதுவாக முதுகெலும்பு வழியே இறங்கியது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கழற்றி எறிய வேண்டும், உடம்பையே கழற்றி எறிய வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தப் பானை ஓடு நினைவுக்கு வந்தது. அதில் ஒரு ஓட்டை இருந்தது. சோறாக்குகிறவன் பானையில் ஓட்டை போடுவானா? பிணத்தைச் சுற்றி வந்து உடைக்கிற குடத்தில்தான் போடுவார்கள். அங்கே அடுப்புக்கல் இருந்ததா? இல்லை. ஒரு கல்கூட இல்லை.

எதுவும் பின்னால் வரக்கூடாது என்று போடுகிற கரியைச் சுடலையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்.

சைக்கிளை நிறுத்தினார். சத்தமும் நின்றது. கூடையோடு தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். போட்டுவிட்டு வீட்டில் என்ன சொல்வது? பிள்ளை நாளைக்குத் தாங்காது. கரியை மட்டும் எடுத்து எறிந்துவிட்டால் போதும். பார்க்க மனம் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாக்கின் ஓரமாகக் கையை விட்டார்.

சுறாத்தோல். சொரசொரப்பு. சில்லிப்பு. இன்னும் உள்ளே.

வழவழப்பு. வெதுவெதுப்பு.

அது அவர் விரலைப் பிடித்தது. பல் இல்லை. ஈறு. கரி ஒட்டிய விரலை ஈறுகளுக்கு நடுவே வைத்து இழுத்தது. சப்பியது.

கையை உருவிக்கொண்டு, பெடலில் கால் படாமல் தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி, மிதித்தார். எப்படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. சரளை தெறித்தது. விரல் கொழகொழத்தது. ரயில் கேட் வெளிச்சம் தெரிந்தது. ஊர். தெரு. வீடு.

கங்கம்மாள் வாசலுக்கு வந்து கூடையை அவிழ்த்து இறக்கினாள்.

"இன்னாய்யா இது, இந்தக் கனம் கனக்குது? சூடா வேற கீது. வெயில்ல வச்சிருந்தியா?"

அவர் தொட்டிக்கு ஓடினார். சோப்புப் போட்டார். மறுபடி போட்டார். விரல் தோல் சுருங்கியிருந்தது, கரி மட்டும் சுத்தமாகப் போயிருந்தது. உள்ளேயிருந்து மணியம்மாள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"நைனா, இங்க வா. பால் எறங்கிடுச்சி. அம்மா வெளக்கு ஏத்துனப்போதான், சட்டுனு எறங்கிச்சி. இவன் புடிச்சவன் உடல பாரு."

அவருக்குக் கண் கலங்கியது. சுறாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளை பிழைத்துவிட்டான். ஈரச் சட்டையோடு உள்ளே போனார். வீட்டில் இருந்த ஒரே சிம்னி விளக்கு மணியம்மாளின் பாய்க்குப் பக்கத்தில் எரிந்தது. அந்த அறைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறியது. புளித்த பால்.

ச்சப். ச்சப்.

"இன்னிக்காவது தொடு நைனா. ஒட்டிக்காது."

அவர் பின்வாங்குவதற்குள் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்து, விரலைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். ஈறு கவ்வியது. அதே ஈறு. அதே இழுப்பு. விளக்கொளியில் உதட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பூசியிருந்தது. கடைவாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசிறு ஒட்டியிருந்தது. சுறாத்தோல்.

அது அவரை நிமிர்ந்து பார்த்தது. இத்தனை நாள் கண்ணே திறக்காத பிள்ளை.

வாசலில் அரிவாள்மணையைக் கீழே போடும் சத்தம் கேட்டது. அதோடு இன்னொரு சத்தம். மெலிசாக. பூனைக்குட்டி மாதிரி. நின்றுபோயிருந்த அழுகை.

"மணியா, புள்ள அழுவுறான் பாரு," என்று கங்கம்மாள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "நீ பாத்துக்கோ, நான் இத்த அறுத்துட்டு வந்துட்றேன்."

"இங்க யாரும்மா அழுவுறான்? நல்லா சப்பிக்கினு கீறான்."

தேசப்பன் வாயைத் திறந்தார். தொண்டையில் புளிப்பு பொங்கி வந்தது, குரல் வரவில்லை. விரலை இழுத்தார். ஈறு இறுகியது.

வாசலில் இருட்டு. கங்கம்மாள் சாக்கின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை பழகியவள், மீன் அறுக்க அவளுக்கு விளக்கு வேண்டாம்.